நரம்பு என்னும் ஒரு சொல்: நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் பக்கவிளைவுகளும் நோயாளியின் மொழியும்

மருந்துகளைப் பற்றிப் பேசுவதற்கு மொழியியலாருக்கு என்ன தகுதி என்னும் வினா அவையோர் உள்ளத்தில் எழுவது இயல்பே. மருந்தைத் தேர்வதும் அதன் அளவை வரையறுப்பதும் மருத்துவரின் கடமை; அதில் நாம் தலையிடப் போவதில்லை. ஆயினும் மருந்து உடலுக்குள் சென்றபின் அங்கே என்ன நிகழ்கிறது என்பதை மருத்துவருக்குத் தெரிவிப்பது பெரும்பாலும் நோயாளியின் வாய்ச்சொல்லே. குருதிச் சோதனையில் அகப்படாத பல பக்கவிளைவுகள், குறிப்பாக நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை, முதலில் ஒரு சொல்லாகவே வெளிப்படுகின்றன. அச்சொல் பிறழ உணரப்பட்டால் என்ன நேரும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நமக்கு நன்கு தெரிந்த முதியவர் ஒருவர், எழுபதைக் கடந்தவர், தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீர்த் தொற்றுக்காக அவருக்கு ஒரு நுண்ணுயிர் எதிர்ப்பி மாத்திரை கொடுக்கப்பட்டது. ஐந்தாம் நாள், "பின்னங்கால் நரம்பு இழுக்கிறது" என்றார். உடன் சென்ற பேத்தி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். நரம்பு என்பதற்கு அவள் பள்ளியில் கற்ற ஆங்கிலச் சொல் 'நெர்வ்'. நரம்புக்கு வலுவூட்டும் வைட்டமின் மாத்திரையோடு இருவரும் வீடு திரும்பினர். காலை நடையைச் சில நாள் நிறுத்திவையுங்கள் என்று எவரும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துப் பேருந்துப் படியில் ஏறுகையில், குதிகாலுக்கு மேலே யாரோ கல்லால் அடித்தாற்போல ஓர் அதிர்வு. அதன்பின் அவரால் அக்காலின் நுனியில் ஊன்றி நிற்க இயலவில்லை. அறுந்தது நரம்பன்று, கெண்டைத் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் தசைநாண்.

பேத்தி செய்தது பிழையா? அகராதியைத் திறந்தால் அவள் சொன்னது சரியே. ஆனால் தாத்தாவின் தமிழில் நரம்பு என்பது அந்த ஒரு பொருளோடு நிற்பதன்று. கையில் பச்சையாகத் தெரியும் குருதிக்குழாயும் நரம்பு. மருந்தை அதில் நேரே ஏற்றினால் நரம்பூசி. காலில் முறுக்கிப் புடைத்துக்கொள்ளும் சிரை, நரம்புச் சுருட்டு. கழுத்தில் விடைத்து நிற்கும் தசைநாணும் நரம்பு. மூளையிலிருந்து உணர்வையும் இயக்கத்தையும் கடத்தும் இழையும் நரம்பு. யாழில் கட்டிய தந்தியும் நரம்பு. இலையில் ஓடும் கோடும் நரம்பு. நீண்டு, மெல்லியதாய், இழுத்துக் கட்டப்பட்டது போலத் தோன்றும் எதற்கும் இப்பெயர் பொருந்தியது. இது தமிழின் குறைபாடு என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. மலாய் மொழியின் 'ஊராட்' என்னும் சொல்லும் இவை மூன்றையும் தழுவுவதே. குருதிக்குழாய் என்றோ உணர்நரம்பு என்றோ பிரித்துச் சொல்ல வேண்டுமாயின் அடுத்து ஓர் அடைமொழி சேர்க்கிறார்கள். ஆங்கில மருத்துவம் இன்று நரம்பணுவுக்கு வழங்கும் 'நியூரான்' என்னும் கிரேக்கச் சொல்லுங்கூடப் பழங்காலத்தில் தசைநாணையும் வில்லின் நாணையுமே குறித்தது. உடலை அறுத்துப் பார்த்து, இது வேறு அது வேறு என்று கண்டபின்னரே அங்கும் சொற்கள் பிரிந்தன. நம் பேச்சுத் தமிழில் அப்பிரிவு இன்னும் முழுமையாக நிகழவில்லை. பாடநூல்த் தமிழில் நிகழ்ந்துவிட்டது. தாத்தாவுக்கும் பேத்திக்கும் இடையே இருந்த தொலைவு அதுவே.

இந்தச் சொல்மயக்கம் ஏன் இந்த மருந்தில் மட்டும் இவ்வளவு கேடாகிறது? அவர் உட்கொண்டது ஃபுளோரோகுயினலோன் என்னும் வகையைச் சேர்ந்தது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் ஆகியவை இவ்வகையில் நாம் மிகுதியும் கேள்விப்படும் பெயர்கள். இவற்றின் மூதாதையான நாலிடிக்சிக் அமிலம், மலேரியா மருந்தாகிய குளோரோகுயினைத் தயாரிக்கும் முயற்சியில் துணைப்பொருளாகக் கிடைத்த ஒன்றிலிருந்து பிறந்து, 1962-இல் வெளியுலகிற்கு அறிமுகமாயிற்று. சிப்ரோஃப்ளாக்சசின் 1987-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நுண்ணுயிரி தன் மரபுப்பொருளை முறுக்கவிழ்த்துப் படியெடுக்க உதவும் நொதிகளை இவை முடக்குகின்றன. அதனால் நுண்ணுயிரி மடிகிறது. உயிர் காத்த மருந்துகள் இவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வகை மருந்து தசைநாணையும் தாக்கக்கூடும், உணர்நரம்பையும் தாக்கக்கூடும். ஒரே மருந்து, இரு வேறு உறுப்புகள், தமிழிலோ இரண்டுக்கும் ஒரே சொல்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008-இல் இம்மருந்துகளின் உறைமேல் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது: தசைநாண் அழற்சியும் அறுபடுதலும் நேரலாம் என்று. அறுபது வயதைக் கடந்தோர், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர், சிறுநீரகம், இதயம், நுரையீரல் ஆகியவற்றுள் ஒன்றை மாற்றிப் பொருத்திக்கொண்டோர் ஆகியோருக்கு இடர் மிகுதி. மிகுதியும் பாதிக்கப்படுவது குதிகால் நாண். 2013-இல் கைகால்களின் புறநரம்புச் சிதைவு பற்றிய எச்சரிக்கை வலுப்படுத்தப்பட்டது. அது மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே தோன்றலாம், மருந்தை நிறுத்திய பின்னும் நீடிக்கலாம் என்று கூறப்பட்டது. 2016-இல், மூக்குப்புழை அழற்சி, மூச்சுக்குழல் அழற்சி, சிக்கலற்ற சிறுநீர்த் தொற்று ஆகிய எளிய நோய்களுக்கு வேறு மருந்து இருக்குமாயின் இதைத் தவிர்க்க வேண்டும் என்றனர். 2018-இல் மனநிலை மாற்றம், குருதிச் சர்க்கரை திடீரெனக் குறைதல், பெருந்தமனி வீங்கிக் கிழிதல் ஆகியவையும் எச்சரிக்கையில் இடம்பெற்றன. பிரிட்டன் 2024-இல், வேறு மருந்து பொருந்தாத நிலையில் மட்டுமே தருக என்று வரம்பிட்டது. இவை அனைத்தும் அரிதாக நேர்பவை. அதனால் எந்த அறிகுறியும் தோன்றாத நிலையில் வெறும் அச்சத்தால் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவது சரியன்று. தசைநாண் வலி போன்ற அறிகுறி தோன்றியவுடன் மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதே அந்த எச்சரிக்கைகளின் சாரம். எப்படிச் சொல்வது என்பதில்தான் நம் இடர்ப்பாடு தொடங்குகிறது.

தசைநாண் வலிக்கு இடம் உண்டு. விரல் வைத்துக் காட்டலாம். உணர்நரம்பின் கோளாற்றுக்கு உருவமில்லை. அது முழுக்க முழுக்கச் சொல்லில் வாழ்வது. இங்கே தமிழ் வறுமைப்பட்டதன்று. மிகையான செல்வம் உடையது. மரத்துப்போதல், மதமதப்பு, திமிர்த்தல், விறுவிறுப்பு, குறுகுறுப்பு, எரிச்சல், காந்தல், குத்தல், குடைச்சல், உளைச்சல், எறும்பு ஊர்தல், சுருக்கென்று தைத்தல் என வளர்ந்துகொண்டே போகும். இவற்றுள் பல இரட்டித்து வருவனவாகவோ, ஒலிக்குறிப்பும் உணர்வுக்குறிப்பும் கலந்தனவாகவோ இருப்பதை மாணவர்கள் கவனிக்கலாம். தொல்காப்பியர் உரியியலில் இசை, குறிப்பு, பண்பு என்று வகுத்தவற்றுள் நடுவண் உள்ள குறிப்பு என்பது இத்தகைய உள்ளுணர்வையே தொட்டு நிற்பது. எறும்பு ஊரும் உவமை நமக்கு மட்டும் உரியதன்று. மலாய் மொழியினரும் எறும்பைக் குறிக்கும் 'செமுட்' என்னும் சொல்லிலிருந்தே இவ்வுணர்வுக்குப் பெயர் அமைத்துள்ளனர். இலத்தீன் வழி வந்த மருத்துவக் கலைச்சொல்லிலும் எறும்பே ஒளிந்திருக்கிறது.

ஆனால் இச்சொற்கள் வட்டாரந்தோறும் பொருள் மாறுவன. யாழ்ப்பாணத் தமிழில் கால் விறைத்துவிட்டது என்றால் உணர்வு குன்றியது என்று பொருள். தமிழ்நாட்டு வழக்குக்காரர் அதைக் கேட்டால், கால் கட்டைபோல் நீட்டி நிமிர்ந்துவிட்டது என்று எண்ணுவார். திமிர் என்பது பழைய வழக்கில் உணர்வின்மை. இன்றைய இளைஞருக்கு அது செருக்கு மட்டுமே. "கால் திமிராக இருக்கிறது" என்று பாட்டி சொன்னதைக் கேட்டுச் சிரித்த பேரனை நாம் கண்டிருக்கிறோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்விரு வழித்தோன்றல்களும் ஒரே குடும்பத்தில் மணவுறவால் கலந்திருப்பதால் இக்குழப்பம் வீட்டுக்குள்ளேயே நேர்கிறது.

காசநோய்க்கு ஆறு மாதமேனும் மருந்து உண்பவருக்கு இச்சொற்கள் எத்துணை இன்றியமையாதவை என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1952 முதல் வழக்கிலுள்ள ஐசோனியசிட் என்னும் மருந்து, உடலில் உள்ள பி6 வைட்டமினின் பணியைக் குலைக்கிறது. அதனால் முதலில் பாதங்களிலும் பின்னர் கைகளிலும், காலுறையும் கையுறையும் அணிந்தாற்போன்ற பரப்பில், மரமரப்பும் எரிச்சலும் தோன்றலாம். நீரிழிவு, மிகைக்குடி, ஊட்டக்குறை உடையோருக்கு இது எளிதில் வரும். பிரிடாக்சின் எனப்படும் பி6 மாத்திரையை உடன் கொடுத்தால் பெரிதும் தடுத்துவிடலாம். அதே நோய்க்குத் தரப்படும் எத்தாம்பியூட்டால் கண்ணின் நரம்பைத் தாக்கக்கூடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது முதலில் தடுமாறும். நீரிழிவால் முன்பே பாதம் எரிந்துகொண்டிருப்பவர், இப்போதைய எரிச்சல் பழையதா புதியதா என்று பிரித்துச் சொன்னாலன்றி மருத்துவரால் உய்த்துணர இயலாது. 'எரிகிறது' என்பது போதாது; 'முன்பு உள்ளங்கால் எரிந்தது, இப்போது கணுக்கால் வரை மதமதக்கிறது' என்பதே பயனுடைய வாக்கியம்.

அடுத்து, தமிழ் நோயாளிகள் மிகுதியாகப் பயன்படுத்தும் சொல் 'மயக்கம்'. இலக்கண மாணவருக்கு மெய்ம்மயக்கம், உருபு மயக்கம் என்று இது பழக்கமான சொல். ஒன்றோடொன்று கலந்து நிற்றல் என்பது அங்குப் பொருள். வீட்டிலோ, தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருண்டாலும் மயக்கம், நினைவிழந்து விழுந்தாலும் மயக்கம், தூக்கம் அழுத்தினாலும் மயக்கம், அறிவு தடுமாறினாலும் மயக்கம். மருத்துவருக்கு இவை ஐந்தும் ஐந்து வேறு நோய்கள்.

இதன் முதன்மையை உணர ஸ்ட்ரெப்டோமைசினின் வரலாறு போதும். ஆல்பர்ட் ஷாட்ஸ், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் 1943-இல் கண்டறிந்த இம்மருந்தே காசநோயை வென்ற முதல் நுண்ணுயிர் எதிர்ப்பி. பயன்பாட்டுக்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அது உட்செவியைச் சிதைப்பது தெரியவந்தது. உட்செவியில் கேட்டலுக்கு ஒரு பகுதியும் உடற்சமநிலைக்கு ஒரு பகுதியும் உள்ளன. இரண்டிலும் மயிர்போன்ற நுண்முனைகளை உடைய அணுக்கள் உண்டு. மனிதருக்கு அவ்வணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜென்டாமைசின் சமநிலைப் பகுதியையும், அமிக்காசின், நியோமைசின் ஆகியவை கேட்டல் பகுதியையும் மிகுதியாகத் தாக்குகின்றன. 1952-இல் ஓர் அமெரிக்க மருத்துவர், தம் பெயரை மறைத்து முதலெழுத்துகளை மட்டும் இட்டு, தமக்கு நேர்ந்ததை மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். ஸ்ட்ரெப்டோமைசினால் அவர் சமநிலை உணர்வை முற்றிலும் இழந்திருந்தார். படுக்கையில் படிக்கும்போது, நாடித்துடிப்பால் தலை அசையும் அந்தச் சிற்றசைவுக்கே எழுத்துகள் குதித்தன. அதனால் கட்டிலின் தலைப்புறக் கம்பிகளுக்கு இடையே தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டே அவர் படிக்க வேண்டியிருந்தது.

இவருக்குத் தலை சுற்றியிருக்குமா? இங்கேதான் சொல் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு பக்க உட்செவி மட்டும் கெட்டால் உலகம் சுழலும். இம்மருந்துகள் இரு பக்கத்தையும் ஏறத்தாழச் சமமாகச் சிதைப்பதால் சுழற்சி தோன்றாமலே போகலாம். நோயாளி உணர்வது இருட்டில் தள்ளாட்டமும், நடக்கும்போது எதிரே உள்ள எழுத்தும் முகமும் ஆடுவதுமே. "தலை சுற்றுகிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார், அது மெய்யே. மலேசியப் பேச்சு வழக்கில் 'பெனிங்' என்னும் மலாய்ச் சொல் தலைவலிக்கும் தலைச்சுற்றுக்கும் பொதுவாக வழங்குவதால், அச்சொல்லைக் கொண்டு கேட்டாலும் விடை தெளிவாகாது. "நடக்கும்போது கடைப்பலகையைப் படிக்க முடிகிறதா? விளக்கை அணைத்தபின் சுவரைப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா?" என்று கேட்பதே முறை.

தமிழ் முந்திச் செல்லும் இடமும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. சில குடும்பத்தார்க்கு இவ்வகை மருந்து மிகச் சிறிய அளவிலேயே செவியைக் கெடுத்துவிடும். அதற்கு அணுவின் ஆற்றல்நிலையமாகிய மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபுப் பிறழ்ச்சி காரணம் என்பது 1993-இல் வெளியாயிற்று. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டுமே இறங்குவது. எனவே தாயின் உடன்பிறந்தார்க்கு ஊசிக்குப்பின் காது கேளாமற்போயிற்றா என்பது கேட்கத்தக்க வினா. ஆங்கிலத்தில் 'அங்கிள்', 'ஆண்டி' என்று கேட்டால் தாய்வழியா தந்தைவழியா என்பது விளங்காது. தமிழில் தாய்மாமன், பெரியம்மா, சித்தி என்று கேட்டால் அக்கணமே விளங்கும்; அத்தையும் சித்தப்பாவும் தாமே விலகிவிடுவர். பெரியம்மா மக்களையும் சித்தி மக்களையும் நாம் அண்ணன், அக்காள் என்று உடன்பிறந்தாராகவே விளிக்கிறோம். அவர்கள் நம்மோடு அதே மைட்டோகாண்ட்ரியாவைப் பகிர்ந்தவர்கள். தாய்மாமன் மக்கள் மாமன் வழியாக அதைப் பெறுவதில்லை. பெரியப்பா மக்களையும் நாம் அண்ணன் என்றே அழைப்பதால் உறவுமுறைச் சொல்லை மரபியல் அட்டவணையாகக் கொள்ளலாகாது. ஆயினும் தமிழிலேயே கேட்டு அறியத்தக்க செய்தி இது. அதை ஆங்கிலத்துக்கு மாற்றும்போதுதான் தொலைக்கிறோம்.

மூளையையே குழப்பும் மருந்துகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பெனிசிலின் மிகையளவில் வலிப்பைத் தூண்டும். மூளையின் கிளர்ச்சியை அடக்கும் ஒரு வேதிப்பொருளின் செயலை அது தடுக்கிறது. செஃபிபீம் என்னும் ஊசிமருந்து பற்றி 2012-இல் அமெரிக்க நிர்வாகம் எச்சரித்தது: சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு அளவைக் குறைக்காமல் கொடுத்தால், கைகால் வெட்டி இழுக்காமலே மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். வெளியே தெரிவது விழித்த கண்ணும் பொருந்தாப் பேச்சுமே. 'வயதாகிவிட்டது, பிதற்றுகிறார்' என்று குடும்பத்தார் கடந்துவிடும் நிலை அது. 'இழுப்பு' என்னும் சொல்லும் இங்குக் கவனத்துக்குரியது. வலிப்பையும் ஈளை நோயின் மூச்சிழுப்பையும் அது ஒருங்கே குறிக்கும்.

மொழியியலாராகிய நம்மை மிகுதியும் ஈர்ப்பது மெட்ரோநிடசோல். பல்வேர்த் தொற்றுக்கும் வயிற்றுத் தொற்றுக்கும் பரவலாகத் தரப்படும் இம்மருந்து வாயில் உலோகச் சுவையை உண்டாக்குவதைப் பலரும் அறிவர். நெடுநாள் உட்கொண்டால், அரிதாக, சிறுமூளையின் உட்கருக்கள் பாதிக்கப்படும். காந்த அதிர்வுப் படத்தில் இருபுறமும் சமச்சீராக அது தெரியும். அப்போது நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். கவனிக்க: இங்குச் சொல் மறக்கவில்லை, இலக்கணம் சிதையவில்லை. நாவும் இதழும் காலம் தவறி இயங்குவதால் ஒலிப்பு மட்டும் கெடுகிறது. மேற்சொன்ன மூளைக் குழப்பத்திலோ ஒலிப்புத் தெளிவாக இருக்க, சொல்லும் பொருளும் பிறழலாம். 'பேச்சுச் சரியில்லை' என்னும் ஒரே முறையீட்டுக்குள் இவ்விரண்டும் அடங்கிவிடுகின்றன. குழறல், திக்கல், பிதற்றல், சொல் தட்டுதல் என்று தமிழ் வேறுபடுத்தும் நான்கையும் ஆசிரியர் மாணவர்க்கு எடுத்துக்காட்டோடு கற்பிப்பாராயின், அது வெறும் சொற்பாடமாக நின்றுவிடாது. மெட்ரோநிடசோலால் வந்த குழறல், காலத்தே கண்டு மருந்தை நிறுத்தினால், பெரும்பாலோர்க்கு நீங்கிவிடுகிறது.

இறுதியாக, நம் முதியவருக்கு அந்த மாத்திரை ஏன் கொடுக்கப்பட்டது என்பதும் ஒரு சொல்லின் கதையே. அவரது மருத்துவ அட்டையில் பெனிசிலின் ஒவ்வாமை என்று எழுதப்பட்டிருந்தது. நாம் விசாரித்தபோது, இளமையில் பெனிசிலின் வகை மாத்திரை உண்டு இரண்டு நாள் வயிற்றுப்போக்குக் கண்டதாகவும், "அது எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று மருத்துவரிடம் சொல்லிவந்ததாகவும் கூறினார். தமிழில் ஒத்துக்கொள்ளாமை என்பது குமட்டலையும் வயிற்றுப்போக்கையும் உள்ளடக்கிய பெருஞ்சொல். மருத்துவத்தில் ஒவ்வாமை என்பதோ உடலின் எதிர்ப்பாற்றல் வெகுண்டெழுந்து உடல் தடித்தல், முகம் வீங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றை விளைவிப்பது. வயிற்றுப்போக்கு வெறும் பக்கவிளைவு. அமெரிக்காவில் பத்தில் ஒருவர் தமக்குப் பெனிசிலின் ஒவ்வாமை உண்டென்கின்றனர். மக்கள்தொகையில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே அது உண்மையில் உள்ளது. அவ்வாறு குறிக்கப்பட்டவருக்குப் பெனிசிலின் வகை விலக்கப்பட்டு, அதற்கு மாற்றாக வேறு வகை மருந்துகள், ஃபுளோரோகுயினலோன் உட்பட, கொடுக்கப்படுகின்றன.

அவரது கால் ஓரளவு தேறிவிட்டது. கைத்தடி மட்டும் தங்கிவிட்டது. இப்போது மருத்துவரிடம் சென்றால் நரம்பு என்னும் சொல்லை அவர் எடுப்பதில்லை. காலணியைக் கழற்றி, இடத்தை விரலால் தொட்டு, எந்த நாளில் எந்த மாத்திரைக்குப் பின் தொடங்கிற்று என்பதைக் குறிப்பேட்டிலிருந்து படிக்கிறார். பேத்தி அதை மொழிபெயர்க்கிறாள்.